இடது காலுக்கு வேலை கொடுக்கலாமா?

ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய நான்காம் நாள், கோபியிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு வேகத்தடை வந்தது. 26 ஆண்டுகளாகச் செய்துவந்ததையே என் உடல் அன்றும் செய்தது. வலது கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்தது. இடது கால் கிளட்சைத் தேடி இறங்கியது. அந்தக் காரில் கிளட்ச் பெடல் கிடையாது. அது இருந்திருக்க வேண்டிய இடத்தை ஒட்டி, வழக்கத்தைவிட அகலமான பிரேக் பெடல் இருந்தது. கிளட்சை எந்தப் பலத்தோடு மிதிப்பேனோ அதே பலத்தோடு, அடிமட்டம் வரைக்கும், என் இடது கால் அந்தப் பிரேக்கை அமுக்கிவிட்டது.

வண்டி குத்துக்கல்லாக நின்றது. சீட் பெல்ட் நெஞ்சை அழுத்திப் பிடித்தது. மனைவியின் மடியிலிருந்த தூக்குப்போசி முன்னால் பறந்து, மூடி கழன்று, மோர் முழுவதும் டேஷ்போர்டில் வழிந்தது. பின்னால் மொபெட்டில் இரண்டு பால் கேன்களைக் கட்டிக்கொண்டு வந்த பெரியவர், எங்கள் பம்பருக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டியை ஒடித்துக் காலூன்றி நிறுத்தினார். நான் இறங்கி ஓடினேன். அவர் திட்டவில்லை. நெஞ்சில் கைவைத்தபடி, "ஏனுங்க, நடு ரோட்டுல இப்படிப் புடிச்சா நாங்க எங்கீங்க போறது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

நான் தெரிந்தே இடது காலைப் பயன்படுத்தவில்லை. பழக்கம் என்னை மீறிச் செய்தது. ஆனால் தெரிந்தே, திட்டமிட்டு, இடது காலால் பிரேக்கும் வலது காலால் ஆக்சிலரேட்டரும் மிதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற அவள், கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே ஆட்டோமேட்டிக்கில்தான். மோர் கொட்டிய கதையை அவளிடம் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி நியாயமானது. "பெடல் ரெண்டு, காலும் ரெண்டு. ஒண்ணுக்கு ஒண்ணுன்னு வெச்சுட்டா, மாத்தி மிதிக்கற பேச்சே இல்லீங்களேப்பா?" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று சொன்னேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கால் எப்படிப் பழகுகிறது என்பதைப் பேசியாக வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று விதமான கால் பழக்கங்கள் இருந்தன. என் தந்தையார் வைத்திருந்தது பழைய புல்லட். இன்றைய மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலிலும் பின்சக்கர பிரேக் வலது காலிலும் இருக்கின்றன. பழைய புல்லட்டில் அது தலைகீழ்: கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். மற்றவற்றுக்குக் கீழே அமுக்க வேண்டும். 20 ஆண்டுகள் அதிலேயே தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வந்த அவர், பிற்காலத்தில் வேறொரு வண்டிக்கு மாறியபோது, அவசரம் வந்தால் இடது காலைத்தான் அழுத்துவார். அங்கே இருந்தது கியர். வண்டி நிற்காது. அமைதியாக ஓட்டும்போது அவருக்கு ஒரு தவறும் நேராது. திடீரென்று நாய் குறுக்கே வந்தால் மட்டும் பழைய கால் விழித்துக்கொள்ளும். ஒரு வருடம் கழித்தும் அது நேர்ந்தது. புதுப் பழக்கம் பழைய பழக்கத்தை அழித்துவிடுவதில்லை, அதன்மேல் ஒரு அடுக்காகப் படிகிறது, அவசரத்தில் மேலடுக்கு விலகி அடியில் இருப்பது வெளிவருகிறது என்பதை நான் அவரைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

இரண்டாவது டிராக்டர். டிராக்டரில் பிரேக் பெடலே இரண்டு உண்டு. இரண்டும் வலது காலுக்கு உரியவை. ஒன்று இடது பின்சக்கரத்தைப் பிடிக்கும், மற்றது வலது பின்சக்கரத்தைப் பிடிக்கும். உழும்போது வரப்போரத்தில் குறுகலாகத் திரும்ப வேண்டுமென்றால் ஒரு பக்கத்துப் பிரேக்கை மட்டும் மிதித்தால் போதும். வண்டி அந்தச் சக்கரத்தை ஊன்றிக்கொண்டு வட்டமடிக்கும். தார்ச்சாலைக்கு ஏறும்போது இரண்டு பெடல்களையும் ஒரு கொக்கியால் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். பூட்ட மறந்து, மஞ்சள் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு வேகமாகப் போகும்போது ஒரு பெடலை மட்டும் மிதித்தால், ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும், கவிழவும் கூடும். எனக்கு டிராக்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மாமா, சாவியைத் தருவதற்கு முன் கொக்கியைத் தொட்டுக் காட்டச் சொல்லுவார். காலுக்கடியில் இரண்டு வழி இருந்தால், வயலில் எது வசதியோ அதுவே சாலையில் ஆபத்து என்ற பாடம் எனக்கு அந்தக் கொக்கியிலிருந்து வந்தது.

மூன்றாவது என் சித்தப்பாவின் கால். சங்ககிரியில் லாரி ஓட்டியவர், 30 ஆண்டுகளுக்கு மேல் சாலையில் இருந்தவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெடல்களின் வரிசை ஏதோ இயற்கை விதி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஃபோர்டு மாடல் டி காரில் மூன்று பெடல்கள் இருந்தன. இடது பெடல் முன்செல்லும் கியர்களுக்கு, நடுப்பெடல் ரிவர்ஸுக்கு, வலது பெடல் பிரேக்குக்கு. ஆக்சிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டீயரிங்குக்குக் கீழே கைப்பிடியில் இருந்தது. ஆக்சிலரேட்டரை நடுவில் வைத்த கார்களும் அந்தக் காலத்தில் ஓடின. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பேருந்தை ஓட்டிய நாட்களில், உலகத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே கால் வரிசை என்று எதுவும் நிலைபெற்றிருக்கவில்லை. கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்ற இன்றைய வரிசை மெல்ல மெல்லத்தான் பொதுவானது. மூன்று பெடலுக்கு இரண்டு கால் என்னும் கணக்கில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே காலுக்கு வந்துசேர்ந்தன. கிளட்ச் போன பிறகு அந்தக் கணக்கு ஏன் தொடர வேண்டும் என்பதே என் மகளின் கேள்வி.

அவள் பக்கத்து வாதத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, பக்கவாட்டில் நகர்த்தி, பிரேக்கின்மேல் வைக்க ஒரு சிறு நேரம் ஆகிறது. இடது கால் முன்னரே பிரேக்கின்மேல் காத்திருந்தால் அந்த நேரம் மிச்சம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கும் அதிகமாகப் போகிறது; கால் நொடி மிச்சப்பட்டால் நான்கு மீட்டர் மிச்சம். நான்கு மீட்டர் என்பது ஒரு காரின் நீளம். ஒரு குழந்தைக்கு முன்னால் நிற்பதற்கும் பின்னால் நிற்பதற்கும் உள்ள இடைவெளி அது. இதை யாரும் அலட்சியமாகப் பேசக் கூடாது.

பந்தயக்காரர்களும் அவள் பக்கம்தான். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கோ-கார்ட் வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டு இரண்டு கால்களுக்கும் நடுவே இறங்குகிறது. இடப்பக்கம் பிரேக், வலப்பக்கம் ஆக்சிலரேட்டர். அதில் ஒரே காலால் இரண்டையும் மிதிக்க நினைத்தாலும் முடியாது. கோவையில் வளர்ந்து 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் ஓட்டிய வகைக் கார்களிலும் காலுக்கு இரண்டு பெடல்கள்தாம். கிளட்ச் ஸ்டீயரிங்கின் பின்னால் விரலுக்கு எட்டும்படி இருக்கும். இன்று அங்கே இடது கால் பிரேக்கே வழக்கம். 1960களில் பின்லாந்து ராலி ஓட்டுநர்கள் மினி கூப்பர் போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில், வலது காலால் ஆக்சிலரேட்டரைப் பிடித்தபடியே இடது காலால் பிரேக்கைத் தொட்டு, வண்டியின் பின்பகுதியை வளைவுக்குள் திருப்பினார்கள். அது பெரிய வித்தை. ஆனாலும் ஃபார்முலா ஒன்னிலேயே ரூபன்ஸ் பேரிச்செல்லோ போன்றவர்கள் நெடுங்காலம் வலது காலாலேயே பிரேக் பிடித்து வெற்றியும் பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பந்தயக்காரரின் உடல் ஐந்தாறு பட்டைகளால் இருக்கையோடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு கால்களும் தரையை விட்டாலும் அவர் சரிவதில்லை. நம் காரில் நாம் மூன்று இடங்களில் கட்டிய ஒரு பட்டையோடு, செருப்பு போட்ட காலோடு, சிலர் வேட்டியோடு, அமர்ந்திருக்கிறோம். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னே தள்ளப்படுகிறது. அப்போது இடது கால் தரையிலோ அதற்கென்று இடப்பக்கம் உள்ள மேடையிலோ ஊன்றியிருந்தால், உடலுக்கு ஒரு முட்டு கிடைக்கிறது. இரண்டு கால்களும் பெடல்மேல் இருந்தால், முன்னே சரியும் உடலின் பாரம் இரண்டு பெடல்களிலும் ஒருசேர இறங்கும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றாக அமுங்கும். அண்மைக் காலத்துக் கார்கள் பலவற்றில், இரண்டும் சேர்ந்து அமுங்கினால் எஞ்சினின் சக்தியைக் குறைத்துப் பிரேக்குக்கு வழிவிடும் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாடு இல்லாத வண்டியில், பிரேக் எஞ்சினோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆக்சிலரேட்டர் முழுக்க அமுங்கிய நிலையில் பிரேக்கை விட்டு விட்டுப் பலமுறை மிதித்தால், மிதிக்கு உதவும் வெற்றிட அழுத்தம் தீர்ந்துபோய்ப் பெடல் கல்லைப் போல இறுகிவிடும்.

அதைவிட அன்றாடமான குறை ஒன்று உண்டு. பிரேக்கின்மேல் காத்திருக்கும் இடது கால், காற்றில் தொங்கிக்கொண்டே 80 கிலோமீட்டர் போக முடியாது. கணுக்கால் சலிக்கும், பாதம் மெல்லப் பெடல்மேல் அமரும். ஓட்டுகிறவருக்குத் தெரியாத அளவு மெல்லிய அழுத்தம் போதும், பின்னால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அவிநாசி சாலையில் அப்படி ஒரு காரின் பின்னால் பீளமேட்டிலிருந்து நீலாம்பூர் வரை போனேன். அந்தச் சிவப்பு விளக்கு ஒரு நிமிடம்கூட அணையவில்லை. முதல் ஐந்து நிமிடம் அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் காலைத் தூக்கினேன். பிறகு அந்த விளக்கை நம்புவதை விட்டுவிட்டேன். உண்மையாகவே அவர் பிரேக் பிடித்தபோது எனக்குத் தெரிவிக்க அவரிடம் வேறு விளக்கு இல்லை. மகளிடம் இதைச் சொன்னபோது அவள் பேச்சை நிறுத்திக் கேட்டாள். மிச்சப்படுத்திய அந்த நான்கு மீட்டரை, பின்னால் வருகிறவரிடமிருந்து கடனாக வாங்கியது போல ஆகிவிடுகிறது.

ஆனால் அவளுடைய முதன்மையான வாதம் வேகத்தைப் பற்றியதே அல்ல. தவறான பெடலை மிதிப்பதைப் பற்றியது. இதற்கு நேரான பதில் சொல்லாமல் நான் தப்பிக்க முடியாது, ஏனென்றால் அந்தத் தவறு எங்கள் ஒரம்பரையிலேயே நடந்தது. உறவினர் ஒருவர் தம் தோட்டத்து வீட்டில், கட்டுத்தரையை ஒட்டி நிறுத்தியிருந்த ஆட்டோமேட்டிக் காரை ரிவர்ஸ் எடுத்தார். உடம்பைத் திருப்பி, இடது கையைப் பக்கத்து இருக்கையின் தலைப்பகுதியில் வைத்து, பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே மெல்ல வந்தார். கன்றுக்குட்டி தெரிந்ததும் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்பதற்குப் பதிலாகப் பாய்ந்தது. இன்னும் பலமாக மிதித்தார். இன்னும் வேகமாகப் பாய்ந்தது. தண்ணீர்த் தொட்டியில் மோதித்தான் நின்றது. கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதால் பிழைத்தது. நான் போய்ப் பார்த்தபோது, தொட்டியின் சிமெண்டு உடைந்து தண்ணீர் காருக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது; அவர் திண்ணையில் உட்கார்ந்து, "பிரேக்கத்தான் மிதிச்சேன், சாமி மேல சத்தியமா பிரேக்கத்தான் மிதிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனம் பிரேக்குக்குத்தான் ஆணையிட்டது. பெடலை நாம் கண்ணால் பார்த்து மிதிப்பதில்லை. இடுப்பும் தொடையும் இருக்கும் நிலையை வைத்துப் பாதம் இடத்தைக் கணிக்கிறது. பின்னால் பார்க்க உடலைத் திருப்பும்போது இடுப்பு நகர்கிறது. அதோடு காலின் கணக்கும் தவறிப்போகிறது. வண்டி நிற்கவில்லை என்றதும், பிரேக் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து மேலும் அழுத்துகிறோம். 1980களில் அமெரிக்காவில் ஆடி நிறுவனத்தின் '5000' என்னும் மாடல் கார்கள் தாமாகவே பாய்வதாகப் பெரும் புகார் எழுந்தது. 1986இல் தொலைக்காட்சியில் அது நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து, பெரும்பாலான நிகழ்வுகளில் ஓட்டுநர்கள் பிரேக் என்று எண்ணி ஆக்சிலரேட்டரை மிதித்திருந்தார்கள் என்று 1989இல் அறிவித்தது. பிரேக்கை மிதித்தால்தான் பார்க் நிலையிலிருந்து கியர் நகரும் என்னும் பூட்டு, இன்று பார்க் நிலை உள்ள பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் இருப்பதற்கு அந்த அனுபவமே முக்கியமான காரணம். டோக்கியோவின் இகெபுகுரோவில் 2019 ஏப்ரலில் 87 வயது முதியவர் ஒருவர் ஓட்டிய கார் சாலையைக் கடந்தவர்கள்மேல் பாய்ந்ததில் ஒரு தாயும் அவருடைய சிறு மகளும் இறந்தார்கள். கார்தான் பழுது என்று அவர் வாதாடினார். பெடலை மாற்றி மிதித்ததே காரணம் என்று 2021இல் நீதிமன்றம் முடிவுசெய்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கட்டுத்தரையும் திண்ணையில் கேட்ட சத்தியமும்தான் கண்முன் வந்தன. ஜப்பானில் 2028 செப்டம்பர் முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களில், நின்ற இடத்தில் முன்னால் தடை இருக்கும்போது ஆக்சிலரேட்டர் தவறாக அமுங்கினால் பாயாமல் தடுக்கும் கருவி கட்டாயமாகிறது.

அப்படியானால் என் மகள் சொல்வது சரிதானே, பிரேக்கை இடது காலுக்கே கொடுத்துவிட்டால் இந்தத் தவறு நேராதே? பிறந்ததிலிருந்து கிளட்சைத் தொடாத, இனியும் தொடப்போகாத ஒருவருக்கு, இந்த வாதத்தில் கனம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊரில் அப்படிப்பட்டவர் எத்தனை பேர்? 2014இல் மாருதி செலேரியோவோடு, கிளட்சையும் கியரையும் வண்டியே இயக்கிக்கொள்ளும் ஏஎம்டி வந்த பிறகுதான் ஆட்டோமேட்டிக் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது. இன்றும் ஒரு வீட்டில் அப்பாவின் வண்டி கிளட்ச் உள்ளது, மகளின் வண்டி இல்லாதது, தோட்டத்துப் பிக்கப் கிளட்ச் உள்ளது. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் ஓட்டுகிறோம். இடது காலுக்குக் கிளட்ச் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம்: முழுக்க அமுக்கு, மெல்ல விடு. பிரேக்குக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான பாடம்: மெல்ல அமுக்கு, தேவைக்கேற்ப ஏற்று. இரண்டு பாடத்தையும் ஒரே காலில் ஏற்றினால், அவசரத்தில் எது வெளிவரும் என்று யாராலும் சொல்ல முடியாது. புல்லட்டிலிருந்து இறங்கிய என் தந்தையாரின் காலும், வேகத்தடையில் இறங்கிய என் காலும் சொன்னது இதுதான். ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டும் ஒருவர் திடீரென்று உறவினரின் கிளட்ச் வண்டியை எடுக்க நேர்ந்தால், நிறுத்துவதற்கு இடது காலை அழுத்துவார். கிளட்ச் விடுபட்டு, வண்டி நிற்காமல் உருண்டு போகும். நோயாளியை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் போகும்போதுதான் பெரும்பாலும் அடுத்தவர் வண்டியை எடுக்க நேர்கிறது.

இப்போது சித்தப்பா. அவருடைய லாரியின் கேபினில் சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே பலமுறை போயிருக்கிறேன். அவர் வெறுங்காலோடு ஓட்டுவார். செருப்பைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடுவார். அந்தப் பாதத்தை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். குதிகால் தரையில், பிரேக்குக்கு நேராக ஊன்றியிருக்கும். ஆக்சிலரேட்டர் வேண்டும்போது குதிகாலை எடுக்காமல், முன்பாதத்தை மட்டும் வலப்பக்கம் சாய்த்து ஓரத்தை மிதிப்பார். ஊருக்குள் நுழைந்தால், சந்தை கூடும் இடம் வந்தால், ஆட்டுக்கிடை தெரிந்தால், பள்ளிக்கூடம் விடும் நேரமென்றால், பாதம் தானாக நேராகிப் பிரேக்கின்மேல் மிதந்து நிற்கும், மிதிக்காது, நிற்கும். "காலு குடியிருக்கற எடம் பிரேக்குடா. ஆக்சிலேட்டருக்கு ஒரம்பரைக்குப் போற மாதிரி போய்ட்டு வந்தர்ணும்" என்று ஒருமுறை சொன்னார். ஒரு காலா இரண்டு காலா என்று நான் வருடக்கணக்கில் குழம்பியதற்கு, கேட்பதற்கு முன்னரே அவர் பதில் சொல்லியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. மகள் மிச்சப்படுத்த விரும்பும் அந்தக் கால் நொடியை, ஆபத்து வரக்கூடிய இடத்தில் வலது காலே முன்கூட்டிப் பிரேக்குக்குப் போய்விடுவதால் மிச்சப்படுத்தலாம். குதிகால் பிரேக்குக்கு நேராக இருந்தால், பதற்றத்தில் நேராக இறங்கும் பாதம் பிரேக்கில்தான் விழும். மாற்றி மிதிப்பதற்குப் பெரிய காரணம், குதிகால் ஆக்சிலரேட்டருக்கு நேராகக் குடியேறிவிடுவதுதான் என்று நான் நம்புகிறேன். என் உறவினர் ரிவர்ஸ் எடுத்தபோது காலைத் தூக்கி அங்கங்கே வைத்தாரே தவிர, குதிகாலை ஊன்றவே இல்லை.

மலைப்பாதையில் இது இன்னும் தெளிவாகும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள்; ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40; கொல்லிமலைக்கு 70. திம்பத்தில் ஒரு கரும்பு லாரியோ தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிவரும் லாரியோ வளைவில் திணறினால், பின்னால் வரும் எல்லோரும் சரிவிலேயே நின்று நின்று நகர வேண்டும். அங்கே ஆட்டோமேட்டிக் காரர்களுக்கு இரண்டு கால் ஆசை வருவதை நானே உணர்ந்திருக்கிறேன். இடது காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலது காலால் ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் வண்டி பின்னால் உருளாது. ஏஎம்டி வண்டியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் என்ன நேரும் என்பதை மூக்கே சொல்லிவிடும். உள்ளே இருப்பது சாதாரண வண்டியில் உள்ள அதே கிளட்ச் தட்டுதான், அது தேய்ந்து கருகும் வாடை மூன்றாவது வளைவிலேயே வந்துவிடும். சரிவில் நிற்க ஹேண்ட் பிரேக் இருக்கிறது; அதைப் போட்டு, ஆக்சிலரேட்டரை மெல்லக் கொடுத்து, வண்டி இழுப்பது தெரிந்ததும் விடுவித்தால் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. இறங்கும்போதும் இடது காலைப் பிரேக்கின்மேல் வைத்தே வருகிறவர்கள் உண்டு. பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும் இடம் அதுதான். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது லாரிக்காரர்களின் பழைய சொல். ஆட்டோமேட்டிக்கிலும் கியரைத் தாழ்த்திப் பிடிக்கும் நிலை இருக்கிறது. எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும், கால் வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கைத் தொடட்டும்.

விதிவிலக்குகள் உண்டு. வலது கால் செயல்படாதவர்களுக்காக ஆக்சிலரேட்டரை இடப்பக்கம் மாற்றியமைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அவர்கள் ஒரே காலால், இடது காலால், எங்களில் பலரைவிட நிதானமாக ஓட்டுகிறார்கள். எந்தக் கால் என்பதைவிட ஒரே கால் தீர்மானிப்பது முக்கியம் என்பதற்கு அவர்களே சாட்சி.

எனக்கு இன்னும் தீராத ஒரு சந்தேகம் மின்சாரக் காரைப் பற்றியது. பெருந்துறையில் உள்ள நண்பர் தம் காரை ஒரு நாள் கொடுத்தார். ஆக்சிலரேட்டரை விட்டாலே மோட்டார் எதிர்த்துப் பிடித்து வண்டி வேகம் குறைந்து, ஏறக்குறைய நின்றுவிடுகிறது. முதல் அரை மணி நேரம் அதிசயமாக இருந்தது. ஊருக்குள் பிரேக்கைத் தொடவே தேவையில்லை. ஒரு மணி நேரம் கழித்து, கவுந்தப்பாடியைத் தாண்டியதும் ஒரு செம்மறியாட்டு மந்தை திடீரெனச் சாலையில் ஏறியது. என் கால் ஆக்சிலரேட்டரை விட்டு மேலே எழுந்து, அந்தரத்தில் நின்றது. விட்டால் போதும் என்று ஒரு மணி நேரத்துக்குள் பழகிவிட்டது. பிறகுதான் பிரேக்குக்குப் போனது. ஆடுகளுக்கும் வண்டிக்கும் இடையே இடம் நிறைய இருந்தது. ஆனாலும் அந்தத் தயக்கம் எனக்குப் புரிந்தது. இந்த வண்டியில் காலின் குடியிருப்பு ஆக்சிலரேட்டரே ஆகிவிடுகிறது. மந்தை கடந்ததும், மோட்டார் பிடிக்கும் அளவை மிகக் குறைவாக வைத்துக்கொண்டு திரும்பினேன். சித்தப்பா இருந்திருந்தால் இதை ஓட்டிப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று அறிய எனக்கு ஆசை.

இதையெல்லாம் மகளிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பல ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னேன். வண்டி நிற்கும் இடத்தில், பார்க்கிங்கில் அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது இரண்டு கால்தான் பாதுகாப்பு என்று அவள் இன்னும் சொல்கிறாள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல், வண்டி தானாக ஊர்வதைப் பிரேக்கை மட்டும் தளர்த்தித் தளர்த்தி ஆளலாம், அப்போது இரண்டாவது பெடலே தேவையில்லை என்று நான் சொல்கிறேன். பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் முடிந்த மறுவாரம் அவள் வந்தபோது, கோபியிலிருந்து பண்ணாரி வரை அவளே ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் அவள் காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இடது கால் மேடையில் இருந்தது. சத்தியமங்கலம் பேருந்து நிலையத்தருகே நெரிசல் வந்தபோது வலது பாதம் முன்கூட்டியே பிரேக்கின்மேல் போய் நின்றது. பண்ணாரியில் இரண்டு வேன்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் இடது கால் மெல்ல எழுந்து பிரேக்கின் பக்கம் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் அங்கேயே இருந்துவிட்டு, அவளே அதைக் கீழே இறக்கி, வண்டியை ஊரவிட்டுப் பின்னால் எடுத்தாள்.